ஒரு சொம்பு, இருபது குழந்தைகள்: சேலத்தில் மாண்டிசோரி அறை தொடங்குபவர்களுக்கு முழு வழிகாட்டி

வீட்டு முன்னறையிலோ வாடகைக் கட்டடத்திலோ, பிள்ளைகள் தம் கையால் தாமே செய்து கற்கும் மாண்டிசோரி முறையில் ஓர் அறை தொடங்க நினைப்பவர்கள் சேலத்திலும் ஏற்காட்டிலும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சாமான் வாங்க எவ்வளவு ஆகும்?" நான் திருப்பிக் கேட்பது வேறு. மத்தியானம் சாப்பிடும்போது யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்? குழந்தைகளே ஊற்றுவார்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. ஆயா ஊற்றுவார் என்றால், எத்தனை ஆயிரத்துக்குச் சாமான் வாங்கி அடுக்கினாலும் அது மாண்டிசோரி அறை ஆகாது.

மரியா மாண்டிசோரி ஒரு மருத்துவர். ரோம் நகரில் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 1907 ஜனவரி 6 அன்று முதல் 'குழந்தைகள் இல்லம்' திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தனியாகக் கிடந்த பிள்ளைகளுக்கான இடம் அது. 1939-இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் இங்கே வந்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார். ஆகவே யாராவது "இது வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்றால், இதில் ஒரு பங்கு நம் மலையில்தான் வளர்ந்தது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். இரண்டரை முதல் ஆறு வயது வரையுள்ள இருபது பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. அறை

முதலில் அறையைக் காலி செய்யுங்கள். சுவரில் ஒட்டிய கார்ட்டூன் படங்கள், தொங்கும் தோரணங்கள், பெரியவர் உயர மேசை எல்லாம் வெளியே போகட்டும். மூன்று வயதுப் பிள்ளை கையை நீட்டினால் எட்டும் உயரத்தில், அதாவது இரண்டரை அடிக்குள், கதவில்லாத மர அலமாரிகள் வேண்டும். கை கழுவும் இடமும் அந்த உயரத்திலேயே இருக்கட்டும். தொட்டி கட்ட வசதியில்லை என்றால் முக்காலி மேல் ஒரு பேசின், பக்கத்தில் ஒரு குடம், கீழே ஒரு பக்கெட். அதுவே போதும்.

கோரைப்பாயை வெட்டி ஓரம் தைத்து, இரண்டடிக்கு மூன்றடி அளவில் பத்துப் பன்னிரண்டு சிறு பாய்கள் செய்துகொள்ளுங்கள். தரையில் செய்கிற வேலை எல்லாம் பாயின் மேல்தான். பாய் விரித்த இடம் அந்த நேரத்துக்கு அந்தக் குழந்தையின் இடம். அதை யாரும் மிதிக்கக் கூடாது, நாமும்தான்.

ஒவ்வொரு சாமானிலும் ஒன்றுதான் இருக்க வேண்டும். நான் தொடங்கிய வருடம் இதைக் கேட்கவில்லை. சண்டை வரக் கூடாதே என்று தண்ணீர் ஊற்றும் தட்டு மூன்று செட் வைத்தேன். சண்டை வரவில்லை. ஆனால் ஒரு குழந்தையும் இன்னொன்றை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து இரண்டு செட்டை எடுத்து உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகுதான் காத்திருப்பதும், எட்ட நின்று கவனிப்பதும், "நீ முடிச்சதும் எனக்குச் சொல்றியா?" என்று கேட்பதும் அந்த அறைக்குள் வந்தன. சொம்பு ஒன்றுதான் என்றால் அது யாரிடம் இருக்கிறது, அவன் எப்போது முடிப்பான் என்று இருபது பேருக்கும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. கூட்டு வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது.

ஏற்காட்டில் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. மழை மாதங்களில் மரச் சாமான்கள் ஈரத்தில் ஊதும். குழியில் பொருத்தி எடுக்கும் உருளைகள் கட்டைக்குள் போய் மாட்டிக்கொண்டால் பிள்ளை தன்னால் முடியவில்லை என்று நினைத்து விலகிவிடும். வெயில் தலைகாட்டும் நாளில் எல்லாவற்றையும் நிழலில் காற்றாட வையுங்கள். கீழே சேலத்திலோ மார்ச் முதல் வெயில்தான் பிரச்சினை. பதினொரு மணிக்குள் கடினமான வேலைகள் முடியும்படி, காலை எட்டரைக்கே தொடங்கிவிடுங்கள்.

2. முதல் இரண்டு வாரம்

எழுத்து, எண் எதுவும் வேண்டாம். இந்த அறையில் எப்படி இருப்பது என்பதே பாடம். பாயைச் சுருட்டுவது. நாற்காலியைத் தரையில் இழுக்காமல் இரு கையாலும் தூக்கிப் போவது. கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது. விரித்த பாயைச் சுற்றி நடப்பது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் தோளில் மெல்லக் கை வைத்துக் காத்திருப்பது.

இவற்றை அறிவுரையாகச் சொல்லாதீர்கள், நடித்துக் காட்டுங்கள். சான் லொரென்சோவில் ஒருநாள் மாண்டிசோரி, கைக்குட்டையை எடுத்து மூக்கை எப்படிச் சிந்துவது என்று மெதுவாகச் செய்து காட்டினார். குழந்தைகள் கை தட்டினார்கள். 'மூக்கொழுகி' என்று ஓயாமல் திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு, திட்டாமல் அதைச் சொல்லித் தந்தவர் அவர்தான். நம் ஊரிலும் இப்படி எத்தனையோ இருக்கின்றன. வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று சொல்வது, கால் பட்டுவிட்டால் தொட்டு வணங்குவது, தும்மும்போது முகத்தைத் திருப்புவது. ஒரு நாளைக்கு ஒன்று, ஐந்து நிமிடம்.

பழைய பிள்ளைகள் இருக்கும் இரண்டாம் வருடத்திலிருந்து இந்த வேலையில் பெரும்பங்கை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருப்பது அதற்காகத்தான். இடம் போதவில்லை என்று எல்.கே.ஜி., யு.கே.ஜி. எனப் பிரித்துவிடாதீர்கள்.

3. சமையலறையிலிருந்து அலமாரிக்கு

அன்றாட வாழ்க்கைப் பயிற்சிக்கான பொருள்களைக் கடையில் வாங்க வேண்டாம். செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடைத் தெருவில் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். சின்னச் சொம்பு, ஆழாக்கு, உழக்கு, சிறு முறம், சல்லடை, தயிர் மத்து எல்லாம் நிஜமானவையாக இருக்கட்டும், கைக்கு அடங்கும் அளவில் இருக்கட்டும். பிளாஸ்டிக் விளையாட்டுச் சொப்பு வேண்டாம். இரண்டு கண்ணாடி டம்ளராவது கட்டாயம் வையுங்கள். எவர்சில்வர் கீழே விழுந்தால் ஓசை வரும், அவ்வளவுதான். கண்ணாடி விழுந்தால் உடையும். கவனம் என்பதைப் பெரியவர் சொல்லாமலே டம்ளர் சொல்லித் தரும். உடைந்ததைப் பெரியவர்தான் அள்ள வேண்டும். பிள்ளை தள்ளி நின்று பார்க்கட்டும், கோபம் கூடாது.

ஒரு வேலைக்கு ஒரு தட்டு. வரிசை இப்படி: முதலில் கைப்பிடி அரிசியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரண்டியால் மாற்றுவது. பிறகு சொம்பிலிருந்து சொம்புக்கு அரிசி ஊற்றுவது. அதன்பின் தண்ணீர். பிறகு ஒரு சொம்பிலிருந்து மூன்று டம்ளருக்குக் கோடு வரை ஊற்றுவது. துணி மடித்தல், பொத்தான் போடுதல், காய் கழுவுதல், வாழைப்பழம் நறுக்குதல் எல்லாம் இதே வழியில். ஏற்காட்டில் பொத்தான் சட்டம், அதாவது பொத்தான் போட்டுப் பழகத் துணி மாட்டிய மரச்சட்டம், வேகமாகத் தேய்ந்துபோகும். ஸ்வெட்டர் போடாமல் அங்கே காலை விடியாதே.

பெருக்குவதற்குத் துடைப்பத்தைப் பாதியாக வெட்டிக் கட்டுங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, குப்பையை வட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கே கூட்டிச் சேர்ப்பது என்று தெரிந்தால் மூன்று வயதிலும் அருமையாகப் பெருக்குவார்கள்.

பூ கட்டுவதும் கோலமும் என் அறையில் மிக நீண்ட நேரம் பிடிக்கும் வேலைகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை எடுத்து விடும் விதம், பிறகு பென்சில் பிடிக்கும் விதத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மூன்று புள்ளியில் தொடங்கலாம். பையன்களும் போடுவார்கள், போட வேண்டும். பூ வாங்கும்போது மட்டும் கவனம். சேலத்துப் பூ மார்க்கெட்டில் அரளி மலிவாகக் கிடைக்கும், அதை அறைக்குள் கொண்டுவராதீர்கள். அந்தச் செடி முழுவதும் நஞ்சு. மல்லி, கனகாம்பரம், செவ்வந்தி போதும்.

4. எப்படிக் காட்டுவது

குழந்தையின் வலப்பக்கம் உட்காருங்கள். அது இடக்கைப் பிள்ளை என்றால் இடப்பக்கம். கையைக் காட்டும்போது பேசாதீர்கள், பேசும்போது கையை நிறுத்துங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும், கையை விட்டுவிடும். முடித்ததும் எழுந்து போய்விடுங்கள். தண்ணீர் சிந்தினால் துடைக்கும் துணி தட்டிலேயே இருக்கிறது. "பார், சிந்திட்டே" என்று சொல்ல ஆள் தேவையில்லை.

புதுச் சொல் கற்றுத்தர மூன்று கட்டம். "இது சொரசொரப்பு, இது வழவழப்பு" என்று சொல்வது முதலாவது. "சொரசொரப்பு எது, தொட்டுக் காட்டு" என்பது இரண்டாவது. "இது என்ன?" என்பது மூன்றாவது. இரண்டாம் கட்டத்தில் தடுமாறினால் சிரித்துவிட்டு மூடி வையுங்கள், நாளை பார்க்கலாம். திருத்த வேண்டாம்.

காலையில் மூன்று மணி நேரம் இடையில் பெல் அடிக்காமல், பாட்டுக்கும் டான்ஸுக்கும் கூப்பிடாமல் விடுங்கள். முறுக்கோ பழமோ ஒரு மேசையில் இருக்கட்டும், பசித்தவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

5. புலன் பொருள்கள்

இங்கேதான் காசு செலவழிக்க வேண்டும். இளஞ்சிவப்புக் கோபுரத்தின் பத்துக் கட்டைகளும் 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை ஒவ்வொரு சென்டிமீட்டராகக் கூட வேண்டும். அளவு பிசகினால், மாற்றி அடுக்கிய தவறு பிள்ளையின் கண்ணுக்குத் தானாகத் தெரியாது. சிவப்புக் கோல்கள் 10 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. உருளைக் கட்டைகள், வண்ணப் பலகைகள். நல்ல தச்சரிடம் துல்லியமான அளவு கொடுத்துச் செய்துவாங்கலாம். சுற்று வட்டாரக் கற்களையும் ஒரு தட்டில் வையுங்கள். ஏற்காடு போகும் வழியில் கிடைக்கும் வெள்ளை மேக்னசைட், மேலே கிடைக்கும் செம்மண் நிறப் பாக்சைட் இரண்டையும் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுச் சொல்லப் பிள்ளைகளுக்கு அத்தனை ஆசை.

6. தமிழ் எழுத்து

ஆங்கிலத்துக்கான சாமானை அப்படியே தமிழுக்கு மாற்ற முடியாது. பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எழுத்தின் பெயரும் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, இரண்டு விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லச் செய்தால் போதும். உயிருக்கு ஒரு வண்ண அட்டை, மெய்க்கு ஒன்று, உயிர்மெய்க்கு ஒன்று. அகர வரிசையில் தொடங்க வேண்டாம். 'அ'வும் 'இ'யும் சுழித்து வளைந்த, கைக்குக் கடினமான வடிவங்கள். ட, ப, ம, க, ர என்று நேர்கோடு மிகுந்த எழுத்துகளில் தொடங்குங்கள். கூடவே புள்ளி வைத்த மெய்யையும் கொடுத்தால் படம், பட்டம், மரம், கரம், பக்கம் என்று முதல் மாதமே சொற்கள் வந்துவிடும்.

அடுத்தது எடுத்து வைக்கும் எழுத்துப் பெட்டி. 247 எழுத்தையும் வெட்ட வேண்டாம். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகியவற்றைத் தனித் துண்டுகளாக வெட்டுங்கள். இது இன்று முடிகிறது என்றால் 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ஒரு காரணம். அதற்கு முன் ணா, றா, னா, லை, னை போன்றவற்றுக்குத் தனி வடிவங்கள் இருந்தன. ஆனால் கி, கீ, கு, கூ வரிசைகள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டவை, உகரமோ எழுத்துக்கு எழுத்து உருமாறும். அந்த நான்கு வரிசைகளை மட்டும் முழு எழுத்தாகவே வெட்டிவிடுங்கள், 18 நான்கு 72. ஒவ்வொன்றிலும் நான்கைந்து பிரதிகள் வேண்டும்.

ஒற்றைக்கொம்பில் எல்லாப் பிள்ளையும் ஒருமுறை நிற்கும். 'கெ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது 'க்', ஆனால் கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. பிள்ளை கொம்பை வலப்பக்கம் வைத்தால் அது காதால் சரியாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். 'க'வை வை, இப்போது கொம்பை இந்தப் பக்கம் கொண்டுவா என்று கையால் மட்டும் காட்டுங்கள்.

7. எண்

தங்க நிற மணிகளைக் கையில் கொடுங்கள். ஒற்றை மணி, பத்து மணிக் கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கன சதுரம். ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு அது எவ்வளவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழில் ஒரே ஓர் இடறல். தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. "தொண்ணூறு கொண்டுவா" என்றால் நூறு மணிச் சதுரங்களை அள்ளி வரும். அது தவறு என்று சொல்லாமல், 'ஒன்பது பத்து' என்று சில வாரம் சொல்லிவிட்டு, பிறகு பெயரைக் கொடுங்கள்.

8. மத்தியானச் சாப்பாடு

இதைத்தான் நான் உயிராக நினைக்கிறேன். தினமும் இரண்டு பேர் பொறுப்பு. அன்று யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி அத்தனை தட்டு, அத்தனை டம்ளர், அத்தனை ஆசனம். ஒருவர் வரவில்லை என்றால் ஒரு தட்டு மிஞ்சும், "இன்னைக்கு அவளுக்குக் காய்ச்சலாம்" என்ற பேச்சு தானாக வரும்.

சாப்பாடு பாத்திரத்தில் நடுவில் இருக்கும். அவரவர் வேண்டியதை அவரவரே போட்டுக்கொள்வது. கடைசியில் உட்கார்ந்தவருக்கும் பொரியல் மிஞ்ச வேண்டும் என்பதை நான்கு வயதுப் பிள்ளை கரண்டியைப் பிடித்தபடி யோசிக்கும் அந்த நொடி, எந்த நீதிக் கதையிலும் கிடைக்காதது. எல்லோரும் உட்கார்ந்த பிறகே முதல் வாய். பிறகு இரண்டு தொட்டியில் தட்டைக் கழுவுவது: ஒன்றில் தேங்காய் நாரும் சோப்பும், இன்னொன்றில் நல்ல தண்ணீர்.

தட்டில் பெயர் எழுதாதீர்கள். எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும், இன்று என்னிடம் இருந்தது நாளை உன்னிடம். கழுவுவதும் பெருக்குவதும் முறை வைத்து எல்லோருக்கும். ஆண் பிள்ளைக்கு விலக்கு இல்லை, எந்தத் தெருவிலிருந்து வந்தவருக்கும் விலக்கு இல்லை. நம் ஊரில் யார் தட்டை யார் கழுவுவது என்பது சாதாரண விஷயமில்லை. அதனாலேயே இதில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

9. சண்டை வந்தால்

வரும். அடி விழும் என்றால் மட்டும் உடனே இடையில் போங்கள். மற்றபடி பத்து எண்ணிவிட்டுப் பாருங்கள், பாதி சண்டை ஓய்ந்திருக்கும். இல்லையென்றால் இருவரையும் உட்காரவைத்து, ஒருவர் பேசும்போது கையில் ஒரு கூழாங்கல்லை வைத்திருக்கச் செய்யுங்கள். கல் யாரிடமோ அவர்தான் பேசலாம். தீர்ப்பு சொல்லாதீர்கள். "அக்கா, அவனை மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க" என்று வந்தால், "உனக்கு என்ன வேணும்னு அவன்கிட்டயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்பது போதும்.

10. மலையும் மரவள்ளியும்

கையால் கற்பதற்குச் சேலத்தைவிட நல்ல ஊர் கிடைக்காது. மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, துருவி, துணியில் போட்டுத் தண்ணீர் விட்டுப் பிழியுங்கள். அந்தப் பால் ஒரு மணி நேரத்தில் தெளிந்து, அடியில் வெள்ளை மாவாகப் படியும். ஜவ்வரிசி ஆலைகளில் நடப்பதன் தொடக்கம் இதுதான். பச்சைக் கிழங்கையோ அந்தத் தண்ணீரையோ வாயில் வைக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் நச்சுத்தன்மை உண்டு.

ஏற்காட்டுக்காரர்களுக்குக் காபி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்தச் செடியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்ததும் தோட்டம் முழுக்க மல்லி வாசத்தோடு வெள்ளைப் பூ. அன்றே பிள்ளைகளை அழைத்துப் போய் ஒரு கிளையில் நூல் கட்டி வாருங்கள். மாதம் ஒருமுறை அதே கிளையைப் பாருங்கள். டிசம்பர் வாக்கில் பழம் சிவக்கும். பழத்தை விரலால் பிதுக்கினால் இரண்டு கொட்டை வழுக்கி விழும், சிலதில் ஒன்றே ஒன்று இருக்கும். அந்த ஒற்றைக் கொட்டையைக் கண்டுபிடித்தவர் அன்று அறை முழுவதும் காட்டிவிட்டுத்தான் உட்காருவார். கழுவி, பாயில் பரப்பி, நாள்தோறும் கையால் புரட்டிக் காயவைத்து, மேல் தோலை உரித்து, பெரியவர் வறுத்துத் தர, கைப்பிடி மிஷினில் அரைப்பது பிள்ளைகள். பள்ளிக்கு வரும் விருந்தினருக்கு அந்தக் காபி.

11. பெற்றோர்

"படிக்கத்தான் அனுப்பினேன், பாத்திரம் தேய்க்க இல்லை" என்று ஒருவராவது வருவார். வாதம் செய்யாதீர்கள். ஒரு முக்காலியை மூலையில் போட்டு, ஒரு காலை வேளை பேசாமல் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தன் பிள்ளை மேசையை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகத் துடைப்பதைப் பார்த்த பிறகு, எழுதும் திசையும் அதுவே என்று சொல்லுங்கள். கோபமாக வந்த பலர் மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சேர்க்கும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மூன்று வருடம் பிள்ளையை இங்கேயே விட வேண்டும். ஐந்து வயதில் வேறு பள்ளிக்கு மாற்றினால், சிறியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அந்தக் கடைசி வருடத்தைப் பிள்ளை இழந்துவிடும். போர்டில் 'மாண்டிசோரி' என்று யாரும் எழுதிக்கொள்ளலாம் என்பதால், பெற்றோர் உங்கள் பயிற்சிச் சான்றிதழையும் கேட்க வேண்டும். கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

12. நீங்கள் உட்காருவது

மாதம் ஒரு நாள், கதவோரம் ஒரு சின்ன நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருங்கள். எழக் கூடாது. மடியில் ஒரு நோட்டு. யாராவது உதவி கேட்டு உங்களிடம் வந்தால் ஒரு கோடு, ஒரு குழந்தை இன்னொரு குழந்தையிடம் போய்க் கேட்டால் ஒரு புள்ளி. ஜூன் மாதப் பக்கத்தில் கோடுகளாகவே இருக்கும். பொங்கலுக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். போன தை மாதம் என் நோட்டில் கோடு மூன்றுதான். அதில் ஒன்று, எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வந்தது.